கோழி நிற்கவில்லை, டீச்சர்!

என் பணி ஓய்வு விழாவில் எல்லாரும் என்னைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். "எஸ்தர் டீச்சரிடம் படித்த பிள்ளைகளுக்குக் கணக்கு என்றால் தண்ணீர் பட்ட பாடு" என்றார் ஒருவர். நானும் சால்வையைப் போர்த்திக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அடக்கமாக இருப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் என் தம்பி மனைவி ரோசம்மா மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். (பக்கத்தில் இருந்தவர்கள் பிரிவுத் துயரத்தில் அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.)

அவளுக்கு உண்மை தெரியும். அதனால் இனி மறைத்துப் பயனில்லை, நானே சொல்லிவிடுகிறேன். என் முதல் ஆசிரியர் வேலையிலிருந்து என்னை நீக்கியவர் ஒரு ஜப்பானிய அதிகாரி. அவர் சொன்ன காரணம், "இந்தக் கிழவிக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு வரைக்கும்கூட எண் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை" என்பது.

அப்போது எனக்கு வயது பத்தொன்பது.

மலாயாவில், கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை, ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் நாயைக்கூட விட்டுவிட்டுப் போய்விட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார். பிறகு சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு காலையில் தாப்பா பக்கம் மலையிறங்கியவர் திரும்பி வரவே இல்லை. பாதித் தோட்டத்தில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டோம். மீதிப் பாதியில் கவாத்துச் செய்ய ஆளில்லாமல் இடுப்பளவு இருக்க வேண்டிய செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து காடாகிவிட்டன.

என் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். அதாவது மருந்து கொடுப்பவர். மருந்துதான் இல்லை. அலமாரியைத் திறந்து காலிப் புட்டிகளைத் துடைத்து மறுபடி அடுக்கி வைப்பார்.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு நாள் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். துரை போன பிறகு தோட்டத்தையும் ஜப்பான்காரர்களையும் ஒரே ஆளாகச் சமாளித்துக்கொண்டிருந்தவர் அவர். ஒரு வருஷத்தில் அவர் தலை முழுக்க நரைத்துவிட்டது.

"ஏம்மா எஸ்தர், பள்ளிக்கூடம்னு ஒன்னு நடக்கணுமாம். சின்னப் பிள்ளைங்களுக்கு நிப்போன் எண்ணு சொல்லித் தரணுமாம். நீ கான்வெண்ட்டுல படிச்சவதானே?"

"அஞ்சாவது வரைக்கும் படிச்சேங்கய்யா."

"அது போதும்லா. நாளையிலேருந்து நீதான் டீச்சர்."

மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். ஜப்பானிய மொழியில் ஒன்று முதல் பத்து வரை எண்களின் பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தது. எங்கள் ஊர் மழை யாருடைய சட்டைப்பையையும் விட்டுவைக்காது. இச்சி, நீ, சான், ஷி, கோ, ரோக்கு என்று ஆறு வரைக்கும் படிக்க முடிந்தது. அதற்குக் கீழே நீல மை கரைந்து ஒரு குளமாக நின்றது. ஆகவே என் பள்ளிக்கூடத்தில் உலகம் ஆறோடு முடிந்தது.

வேலைக்குப் போகும் முதல் நாளே அம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்தார். வயசுப் பெண்களை வெளியே விடவே எல்லாரும் பயந்த காலம். தலையில் சாம்பலைத் தேய்த்து, கன்னத்தில் கரியைப் பூசி, கொழுந்தெடுக்கிறவர்கள் போடும் பழைய கம்பளியைத் தலையோடு போர்த்திவிட்டார். "கொஞ்சம் கூனி நட" என்று உத்தரவு வேறு. கண்ணாடியில் பார்த்தேன். எங்கள் அம்மாவுக்கே நான் அம்மா மாதிரி இருந்தேன்.

பள்ளிக்கூடம் என்பது ஆயாக் கொட்டகை. பெற்றோர் வேலைக்காட்டுக்குப் போன பிறகு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். முன்னால் அரைச்சுவர், பின்னால் சுவரே இல்லை, நேராகத் தேயிலைக் காடு. எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் மரவள்ளி தோண்டப் போய்விட, எனக்கு மிஞ்சியவை பதினொரு பொடிசுகள். அவர்களில் ஐந்து வயது சாமுவேல் என் சொந்தத் தம்பி. கொட்டகைக்குப் பொறுப்பு அன்னக்கிளி ஆயா. ஆறடி உயரம் இல்லாவிட்டாலும் அவர் குரலுக்கு இருந்தது.

பலகை கிடையாது, சாக்கட்டி கிடையாது, தாள் கிடையாது. ஆனால் எனக்குத் தன்னம்பிக்கை இருந்தது. பத்தொன்பது வயதில் இருந்த அந்தத் தன்னம்பிக்கையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. விரலை விட்டு எண்ணுவதெல்லாம் பட்டிக்காட்டு முறை என்று முடிவு கட்டினேன். கான்வெண்ட்டில் ஒரு கன்னியாஸ்திரீ பொத்தான்களை அடுக்கிக் காட்டுவார். பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று சொல்ல வேண்டும். நானும் அப்படியே செய்வேன்!

பொத்தானுக்குப் பதில் தேயிலை விதை. வளர்ந்துபோன செடிகளுக்கு அடியில் உருண்டை உருண்டையாக வேண்டிய மட்டும் கிடந்தது. ஒரு பிஸ்கட் டின் மூடியில் விதைகளை வைத்து, துணியால் மூடி, கண் இமைக்கும் நேரம் திறந்து காட்டி மூடிவிடுவேன். பிள்ளைகள் கத்த வேண்டும். அவர்களுக்குப் பிடிபடுவதற்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வைத்தேன். ஒரு விதை நெற்றிப் பொட்டு. இரண்டு கண். மூன்று அடுப்புக் கல். நான்கு கட்டில் கால். நான்கு கால்களுக்கு நடுவே ஒரு விதை வைத்தால் கட்டிலில் பாப்பா படுத்திருக்கிறது, அது ஐந்து. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்றால் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள், லயத்து வாசல், ஆறு.

மூன்றே மாதம். மூடியைத் திறந்தால் போதும், "சான்!" "கோ!" "ரோக்கு!" என்று கொட்டகைத் தகரம் அதிரும். சாமுவேல் மட்டும் எதைக் காட்டினாலும் "இச்சி!" என்பான். டீச்சரின் தம்பி என்பதால் அவனை யாரும் தட்டிக் கேட்கவில்லை. வேலைக்காட்டிலிருந்து திரும்புகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் கம்பளிக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு (கூனத்தான் வேண்டும், மறந்துவிடும்) நடப்பேன்.

கத்தாத ஒரே பிள்ளை ரோசம்மா.

நான்கு வயது. வெறும் மரவள்ளியையே தின்று தின்று கால் இரண்டும் வீங்கி நடக்க முடியாமல் இருந்தாள். காலையில் அவள் அம்மா தூக்கி வந்து பின்பக்கத் தூணில் சாய்த்து உட்கார வைத்துவிட்டுப் போவாள். நான் மூடியைத் திறக்கும்போது அவள் தேயிலைக் காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் பொறுமையாக இரண்டு வாரம் முயன்றேன். பிறகு அவள் அம்மாவிடம், "ஒங்க பிள்ளைக்கு எண்ணு ஏறாது அக்கா, மனசத் தேத்திக்குங்க" என்று பெரிய மனுஷியாகச் சொல்லிவிட்டேன். அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனாள். நான் செய்த முட்டாள்தனங்களிலெல்லாம் எனக்கு இன்றும் சிரிப்பு வராதது அது ஒன்றுதான்.

ரோசம்மாவைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னது இது: "தெனம் ஒரு முட்டை குடுங்க. நடந்துருவா. எங்கிட்ட இருக்கிற மருந்து அவ்வளவுதான்."

முட்டைக்குத்தான் பஞ்சம். ஒரு லயத்துக்கு இரண்டு கோழிதான் வைத்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் தானா ராத்தாவில் இருந்த ஜப்பானிய முகாமுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. எங்கள் லயத்தில் இருந்தவை ஆறு. எல்லாம் அன்னக்கிளி ஆயாவின் கோழிகள், எல்லாம் ஒரே செவலை நிறம். ஆறும் கொட்டகைக்குப் பின்னாலிருந்த தேயிலைக் காட்டுக்குள் மேய்ந்து, அங்கேயே அடைந்து, அங்கேயே முட்டையிட்டன. வெளியாள் யார் கண்ணிலும் படாது. ரோசம்மாவுக்கு நாளைக்கு ஒரு முழு முட்டை. மிச்சம் கிடைப்பது மற்ற பிள்ளைகளுக்குப் பங்கு. வீக்கம் லேசாக வடிய ஆரம்பித்திருந்தது. கிராணி மேலிடத்தில் "ரெண்டு கோழி" என்று சொல்லியிருந்தார். பிள்ளைகளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "சொன்னாத்தான் சூசா, தொல்லை. ஒளிச்சு வைக்கணும்னு சொன்னா அன்னைக்கே தோட்டம் பூராவும் தெரிஞ்சிரும்" என்றார் ஆயா.

இந்த நிலையில்தான் அதிகாரி பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது.

எல்லாரும் பயந்தார்கள், எனக்கு மட்டும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என் திறமையைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்! அன்று காலையில் ஆயா மற்றவர்களோடு சேர்ந்து, காரைப் பார்த்துக் குனிந்து வணங்க ரோட்டோரம் போய்விட்டார். நான் கொட்டகையைக் கூட்டிவிட்டு என் பிஸ்கட் மூடியைப் பார்த்தேன். சின்னதாக, நசுங்கி, துருப்பிடித்து இருந்தது. இவ்வளவு பெரிய அதிகாரிக்கு இதையா காட்டுவது? சுவரோரம் ஆயாவின் முறம் சாய்த்து வைத்திருந்தது. பெரிய முறம், விதைகள் நன்றாகத் தெரியும். எடுத்துக்கொண்டேன்.

ஆயா அந்த முறத்தில்தான் தினமும் மரவள்ளிச் சீவலைப் போட்டு, அடியில் தட்டிக் கோழிகளைக் கூப்பிடுவார். அது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதமாக இரண்டு வேளையும் என் கண் முன்னால் நடந்ததுதான். தெரிந்தது, ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

அதிகாரி குள்ளமாக, மூக்குக்கண்ணாடி போட்டு, சப்பாத்தில் சேறு படக்கூடாதே என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார். கூடவே மொழிபெயர்க்க ஒரு தமிழர். அவர் தாப்பாவில் துணிக்கடை வைத்திருந்தவர். பின்னால் கிராணி. அன்று பனி இறங்கிக் கொட்டகைக்குள்ளேயே புகை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. நான் குனிந்து வணங்கினேன். அதிகாரி ஏதோ சொன்னார்.

"பாட்டியம்மாவை ஆரம்பிக்கச் சொல்றாரு" என்றார் துணிக்கடைக்காரர்.

(பாட்டியம்மா! கம்பளிக்குள் எனக்குக் காது சிவந்தது.)

ஆரம்பித்தேன். அடுப்புக் கல் வைத்துத் துணியை எடுத்து மூடினேன். "சான்!" கட்டிலில் பாப்பா. "கோ!" லயத்து வாசல். "ரோக்கு!" பத்துக் குரலும் ஒன்றாக, கண்ணாடியைத் தட்டியதுபோல் கணீரென்று வந்தது. அதிகாரி புருவத்தை உயர்த்தினார். தலையைக்கூட ஆட்டினார். கிராணி என்னைப் பார்த்த பார்வையில் பெருமை தெரிந்தது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நல்ல புத்தி உள்ள எவளும் அத்தோடு நிறுத்தியிருப்பாள்.

"இன்னும் வேகமாகக் காட்டுகிறேன்!" என்று சொல்லி, எல்லாருடைய கவனத்தையும் இழுப்பதற்காக முறத்தைத் தூக்கி அதன் அடியில் ஓங்கித் தட்டினேன். டக், டக், டக்.

ஒரு நொடிதான். பிறகு தேயிலைக் காட்டுக்குள் சலசலப்பு.

முதல் கோழி அதிகாரியின் இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து போனது. இரண்டாவது அரைச்சுவரில் ஏறி நின்று என்னை முறைத்தது. அப்புறம் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று யாருக்கும் தெரியாது. முறத்தில் சீவல் இல்லை என்று கண்டதும் அவற்றுக்குக் கோபம் வந்துவிட்டது. பின்பக்கம் நுழைந்து முன்பக்கம் போய், கொட்டகையைச் சுற்றிக்கொண்டு மறுபடி பின்பக்கமே வந்தன. பனிக்குள் மறைந்தன, பனிக்குள்ளிருந்து வந்தன. துணிக்கடைக்காரர் பெஞ்சின்மேல் ஏறிவிட்டார். விதைகள் நாலாபக்கமும் உருண்டன.

அதிகாரி அசையவில்லை. கிராணியை மட்டும் திரும்பிப் பார்த்தார்.

"இங்க ரெண்டு கோழிதான்னு சொன்னியாமே?" என்று பெஞ்சின்மேல் இருந்தபடி மொழிபெயர்ப்பு வந்தது.

அந்தக் குளிரில் கிராணிக்கு வியர்த்தது. "ரெண்டேதான் துரை! இதுங்க சும்மா சுத்திச் சுத்தி வருதுங்க. இப்படிப் பூந்து அப்படி வருதுங்க. பாக்கிறதுக்குத்தான் நெறயத் தெரியுது."

அதிகாரி விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். "இச்சி... நீ..." என்றவர் நிறுத்தினார். முதல் கோழி போய்விட்டது. வேறொன்று வந்தது. அதுவே இதுவா? மறுபடி இச்சியிலிருந்து ஆரம்பித்தார். மூன்று தரம் பார்த்துவிட்டு விரலை மடக்கினார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, என் மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

"பெரியவங்க பொய் சொல்லுவாங்களாம், பிள்ளைங்க சொல்ல மாட்டாங்களாம். இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைங்க, பாத்த ஒடனே சொல்ற பிள்ளைங்க. கோழி எத்தனைன்னு அவங்களையே கேக்கச் சொல்றாரு."

என் உயிர் போய்விட்டது. ரோசம்மாவின் முட்டை, அவள் கால், கிராணியின் முதுகுத் தோல் எல்லாம் இப்போது பத்துப் பொடிசுகளின் வாயில் இருந்தன. அந்த வாய்களைத் திறந்துவிட்டவள் நான். மனதுக்குள் ஜெபம் செய்தேன். "ஆண்டவரே, மூன்று மாதமாக இந்தப் பிள்ளைகளுக்கு அறிவைக் கொடும், அறிவைக் கொடும் என்று உம்மைத் தொந்தரவு செய்தேனே, இன்று ஒரு நாள் மட்டும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்."

"சான்!" என்றான் ஒருவன்.

"நீ!" என்றாள் இன்னொருத்தி.

"ஷி!" "கோ!" "நீ!" "ரோக்கு!" "சான்!"

"இச்சி!" என்றான் என் தம்பி, வழக்கம்போல.

குரல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றிலிருந்து ஆறு வரை எல்லா எண்ணும் வந்துவிட்டது. என் தாளில் மை கரையாமல் இருந்திருந்தால் பத்து வரைக்கும் வந்திருக்கும்.

அதிகாரிக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். முறத்தை வாங்கிக் கீழே வைத்தார். உருண்டு கிடந்த விதைகளில் ஐந்தைப் பொறுக்கினார். கட்டிலும் இல்லாமல் பாப்பாவும் இல்லாமல், ஐந்தையும் ஒரே வரிசையாக நீளமாக வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தார்.

பிள்ளைகள் விழித்தார்கள். அப்படி ஒன்றை நான் காட்டியதே இல்லை.

"பாம்பு!" என்றாள் ஒரு குட்டி.

அதிகாரி அதைக் கலைத்து, நான்கு விதைகளைச் சும்மா கைபோன போக்கில் போட்டார்.

"கோழிப் பீ!" என்றான் ஒருவன் மகிழ்ச்சியாக.

இதை மொழிபெயர்க்கத் துணிக்கடைக்காரர் மறுத்துவிட்டார்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. கோழி பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை ஒரு பக்கம் துளிர்த்தது, உண்மைதான். ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே! மூன்று மாதம் தொண்டை வறளக் கற்பித்தேனே, இந்தப் பிள்ளைகளுக்கு ஐந்து என்றால் கட்டில் என்றுதான் தெரியும், ஐந்து என்றால் ஐந்து என்று தெரியாது. அதைக் கண்டுபிடிக்க அந்த மனிதருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

புறப்படப்போனவர் நின்றார். தூணோரம் ஒரு பிள்ளை வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். ரோசம்மாவின் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார். கேட்டார்.

"பாப்பா, கோழி எத்தனைன்னு ஒன்னையும் கேக்கிறாரு" என்றார் துணிக்கடைக்காரர்.

ரோசம்மா அவரைப் பார்த்தாள். தேயிலைக் காட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் வகுப்பில் வாயைத் திறந்தாள்.

"கோழி நிக்கல டீச்சர். நின்னாத்தானே சொல்ல முடியும்?"

அதை மொழிபெயர்த்தார்கள். அதிகாரியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பா இருமலா என்று கிராணிக்கும் எனக்கும் கடைசி வரை வழக்கு இருந்தது. எழுந்தார், முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார், என்னைச் சுட்டிக்காட்டிக் கொஞ்ச நேரம் பேசினார். துணிக்கடைக்காரர் அதை எனக்குச் சுருக்கித் தந்தார்.

"பாட்டியம்மா, ஒங்களுக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியலையாம். நாளையிலேருந்து கொழுந்தெடுக்கப் போயிருங்க. பள்ளிக்கூடம் வேணாமாம்."

கார் வளைவில் மறைந்தது. ரோட்டோரத்திலிருந்து ஆயா ஓடி வந்தார். முறத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது, எழுதினால் யாரும் அச்சடிக்க மாட்டார்கள். கிராணிதான் நடுவே புகுந்தார். அரைச்சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவர் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

"விடு ஆயா, திட்டாத. இந்தப் புள்ள மட்டும் ஒழுங்கா எண்ணு சொல்லிக்குடுத்திருந்தா ஆறு கோழியும் போயிருக்கும். என் தோலும் போயிருக்கும். இவளுக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியாததாலதான் எல்லாம் தப்பிச்சுது!"

எனக்குக் கிடைத்த முதல் பாராட்டுரை அது. நான் ஓவென்று அழுதேன். கரி கரைந்து கன்னமெல்லாம் வழிந்தது. கோழி பிழைத்ததே என்று அழுகிறேன் என ஆயா நினைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அழுதது அதற்கில்லை. பாம்பு, கோழிப் பீ என்ற இரண்டு பதில்களும் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தன.

மறுநாள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனேன். (அதிலும் நான் மட்டம்தான். அது வேறு கதை.) மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கால் தானாகக் கொட்டகைக்குப் போனது. ஆயா நான்கு முட்டைகளை மடியிலிருந்து எடுத்துப் பாயில் வைத்தார். அடுப்புக் கல்லும் இல்லை, கட்டிலும் இல்லை, ஒன்று இங்கே, ஒன்று அங்கே, இரண்டு ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"நாலு!" என்று எல்லாக் குரலும் ஒன்றாகக் கத்தின. சாமுவேல் உட்பட! அவன் வாயிலிருந்து ஒன்று அல்லாத ஓர் எண் வந்தது அதுவே முதல் தடவை.

தினமும் பங்கு போட்டுத் தின்ற முட்டை, நான் கற்பிக்காததைக் கற்றுக்கொடுத்திருந்தது. பிறகு போய் ரோசம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்காரும்போதே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"ரோசம்மா, நம்ம கோழி எத்தனை?"

அவள் யோசிக்கவே இல்லை. தரையில் கிடந்த விதைகளைப் பொறுக்கி ஒன்றைத் தள்ளி வைத்தாள். "இது நொண்டி. எப்பவும் தனியாத்தான் நிக்கும்." இரண்டை ஒட்டி வைத்தாள். "இதுங்க ரெண்டும் சண்டைக்காரிங்க, ஆனா சேந்துதான் மேயும்." கொஞ்சம் தள்ளி மூன்றைச் சிதறவிட்டாள். "இது முட்டை போடாதது. இது ஆயாவைக் கொத்தும். இது சின்னது." கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆறு. ரோக்கு."

மூன்று மாதமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் காட்டை அல்ல. நான் விதையை அடுக்கி, மூடி, திறந்து, கத்தவைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இந்தப் பிள்ளை ஓடுகிற கோழியை, ஒளிகிற கோழியை, செடிக்குள் வால் மட்டும் தெரிகிற கோழியைப் பார்த்து எத்தனை என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தது.

"தெரியும்ல? அப்ப நேத்து ஏன்டி சொல்லல?"

"நேத்து நீங்களா கேட்டீங்க? அந்தாளுல்ல கேட்டாரு" என்றாள். பிறகு எனக்கு விளங்கவில்லையே என்று நினைத்தோ என்னவோ, வீங்கிய தன் காலைக் காட்டினாள். "அவரு கொண்டு போயிட்டா எனக்கு முட்டை?"

இந்தப் பிள்ளைக்கு எண் ஏறாது என்று நான் சொன்னேன்! அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "ஒங்க மகளுக்கு ஏறிருச்சு அக்கா, எனக்குத்தான் ஏறல" என்றேன். "அது எனக்குத் தெரியும் புள்ள" என்றாள் அந்தத் தாய். நான் டீச்சராகத் தேறிய நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் என்று ஒன்று இல்லாமலே பள்ளிக்கூடம் நடந்தது. மத்தியானத்தில் அரை மணி நேரம், கொழுந்துக் கூடையைக் கழற்றி வைத்துவிட்டு. விதைகளை அடுக்குவதை விட்டுவிட்டேன். கையில் அள்ளி வீசினேன். எப்படி விழுகிறதோ அப்படியே சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றும் சேர்ந்து கிடந்தால் மூன்று, வரிசையாகக் கிடந்தாலும் மூன்று, ஒன்று என் காலுக்கடியில் ஒளிந்திருந்தாலும் மூன்று. பிள்ளைகளே வீசினார்கள், பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் ரோசம்மா தூணைப் பிடித்து எழுந்து, என் தம்பியின் தோளைப் பிடித்து நடந்து, கடைசியில் எதையும் பிடிக்காமல் கோழிகளின் பின்னால் ஓடினாள். ஜப்பான்காரர்கள் போன பிறகும் ஆயாவின் கோழிகள் இருந்தன. எனக்கும் கரி பூசாத முகத்தோடு வேலை திரும்பக் கிடைத்தது.

எங்கள் வீட்டில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. யாருக்காவது ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல இஷ்டமில்லை என்றால் "கோழி நிக்கல" என்பார்கள். சம்பளம் எவ்வளவு? கோழி நிக்கல. பலகாரத் தட்டில் எத்தனை எடுத்தாய்? கோழி நிக்கல. என் வயதைக் கேட்டால் நானும் அதைத்தான் சொல்கிறேன். ஒரு தடவை மக்கள் தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் வாசலில் நின்று "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்க, உள்ளேயிருந்து நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் அந்தப் பதிலைச் சொல்லின. பாவம், அந்த மனிதர் கோழிக்கு வேறு ஒரு படிவம் இருக்கிறதா என்று தேடினார்.

ரோசம்மா வளர்ந்து, தானா ராத்தாவில் தையல் கடை வைத்து, என் தம்பியையே கட்டிக்கொண்டாள். (தோளைப் பிடித்தது பிடித்ததுதான், விடவில்லை.) கல்யாணம் முடிந்த வாரம், பேரப்பிள்ளை ஆசை தாங்காமல் என் அம்மா அவளிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, எத்தனை பிள்ளை பெத்துக்கிறதா இருக்கே?"

"கோழி நிக்கட்டும் அத்தை, அப்புறம் சொல்றேன்" என்றாள் புது மருமகள்.

நின்றபோது ஆறு. முதல் பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடிய என் தம்பி, தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்து எங்களிடம் "இச்சி!" என்று கத்தினான். அந்த ஒரு தடவை மட்டும் அவன் சொன்ன இச்சி சரியாக இருந்தது.